வாக்கி-டாக்கி வழக்கு: ராணுவ ஆட்சிக்கு நீதிமன்றம் எதற்கு?

கேள்வி இதுதான்: மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் எதிர்க்கட்சிக்காரர்களையும் மாணவர் தலைவர்களையும் கைது செய்கிறது. சரி, கையில் துப்பாக்கி இருப்பவர்கள் அதற்கப்புறம் வழக்கு, குற்றப்பத்திரிகை, நீதிபதி, தீர்ப்பு என்று எதற்கு மெனக்கெடுகிறார்கள்? பிடித்துப் போனவர்களுக்கு என்னதான் நடக்கிறது? அவ்வப்போது "பொதுமன்னிப்பு, ஆயிரக்கணக்கானோர் விடுதலை" என்று செய்தி வருகிறதே, அதை நம்பலாமா?

மூன்றும் ஒரே கேள்விதான் என்பது என் எண்ணம். முதலாவதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் தானாக அவிழும். அதனால் அதையே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

2021 பிப்ரவரி 1. முந்தைய நவம்பரில் நடந்த தேர்தலில் ஆங் சான் சூச்சியின் தேசிய ஜனநாயக லீக் பெரும் வெற்றி பெற்றிருந்தது. புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய நாள் அது. விடிவதற்குள் சூச்சி, அதிபர் வின் மியின்ட், அமைச்சர்கள், எம்.பி.க்கள் எல்லோரையும் பிடித்தாயிற்று. இரண்டு நாள் கழித்து என்ன குற்றம் என்று காகிதம் வந்தது. சூச்சியின் வீட்டில் அனுமதி இல்லாமல் இறக்குமதியான வாக்கி-டாக்கிகள் இருந்தனவாம். ஏற்றுமதி இறக்குமதிச் சட்டத்தில் வழக்கு. அதிபரோ, கொரோனா கட்டுப்பாடு இருந்த காலத்தில் தெருவில் போன பிரசார வண்டிகளைப் பார்த்துக் கையசைத்துவிட்டாராம். அவர்மேல் இயற்கைப் பேரிடர் மேலாண்மைச் சட்டம்.

உலகமே சிரித்தது. பர்மாவின் பழைய கதை தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 1996-ல் ஜேம்ஸ் லியாண்டர் நிக்கோல்ஸ் என்ற முதியவர் கைதானார். சில ஐரோப்பிய நாடுகளுக்கு ரங்கூனில் (இப்போதைய யாங்கூன்) கௌரவத் தூதராக இருந்தவர், சூச்சியின் குடும்ப நண்பர். அனுமதி இல்லாமல் ஃபேக்ஸ் எந்திரமும் தொலைபேசி இணைப்புகளும் வைத்திருந்தார் என்பது குற்றம், மூன்றாண்டு தண்டனை. தீர்ப்பு வந்த சில வாரங்களில் அந்நகரின் இன்செயின் சிறையில் இறந்துபோனார். ஃபேக்ஸ் போய் வாக்கி-டாக்கி வந்ததுதான் கால் நூற்றாண்டு மாற்றம்.

இவ்வளவு சில்லறையான குற்றத்தை ஏன் தேடிப் பிடிக்கிறார்கள்? ராஜத்துரோகம் என்று போட்டால் சிறையில் இருப்பவர் தலைவராகிவிடுவார். கள்ளச்சாமான் வைத்திருந்தார் என்று போட்டால், குறைந்தபட்சம் காகிதத்திலாவது, அவர் ஒரு சாதாரணக் குற்றவாளி. "எங்கள் நாட்டில் அரசியல் கைதி என்று யாருமே இல்லை, சட்டத்தை மீறியவர்கள்தான் சிறையில் இருக்கிறார்கள்" என்பது அங்கே ஒவ்வொரு ராணுவ அரசும் வெளிநாட்டவரிடம் திருப்பித் திருப்பிச் சொன்ன வாசகம். அதைச் சொல்வதற்குக் கையில் ஒரு தீர்ப்பு நகல் வேண்டும்.

இன்னொன்று, தண்டனை பெற்றவரை அரசியலிலிருந்தே கழித்துக் கட்டலாம். 2010 தேர்தலுக்கு முன் வந்த கட்சிப் பதிவுச் சட்டம், தண்டனை அனுபவிப்பவர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்றது. அப்போது சூச்சி வீட்டுக்காவல் தண்டனையில் இருந்தார். அவரை வெளியேற்றினால்தான் கட்சிக்குப் பதிவு. கட்சி மறுத்துத் தேர்தலையே புறக்கணித்தது. 2023-ல் ஏறக்குறைய அதே தந்திரத்தோடு புதுச் சட்டம் வந்தது; பதிவு செய்யாத தேசிய ஜனநாயக லீக் அந்த மார்ச்சில் கலைக்கப்பட்டதாக அறிவித்தார்கள். வாக்கி-டாக்கி வழக்கில் ஆரம்பித்தால் கடைசியில் ஒரு கட்சியையே துடைத்துவிடலாம். அது சில்லறை வேலையா?

மூன்றாவது காரணத்தைத்தான் நான் முக்கியமானதாக நினைக்கிறேன். வழக்கு என்று ஒன்று நடந்தால் பல கைகள் அதில் பட வேண்டும். வார்டு நிர்வாகி சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார், குமாஸ்தா தட்டச்சு செய்கிறார், சிறை மருத்துவர் "உடல்நிலை நன்று" என்று எழுதுகிறார், மாஜிஸ்திரேட் ரிமாண்டை நீட்டிக்கிறார். இவர்களில் யாரும் ராணுவக்காரர் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு யாராலும் "எனக்குச் சம்பந்தமில்லை" என்று ஒதுங்க முடியாது. சுட்டுத் தள்ளுவதற்குச் சிப்பாய் போதும். நாடு முழுக்கப் பயப்பட வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்கள் ஆளுக்கு ஒரு சின்ன வேலை செய்ய வேண்டும். அந்த வேலையைப் பங்கு போட்டுக் கொடுப்பது சட்டம்.

சட்டங்களுக்கும் பஞ்சமே இல்லை. பிரிவு எண்களைப் பார்த்தால் நம்மூர் வக்கீல்களுக்குப் பழகிய முகம் போலத் தெரியும். 124ஏ (ராஜத்துரோகம்), 505 (வதந்தி பரப்புதல்) எல்லாம் அப்படியே இருக்கின்றன. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி, தண்டனைச் சட்டமும் அதே பழைய சட்டம். தடை செய்யப்பட்ட அமைப்புகள் சட்டம் 1908-ஐச் சேர்ந்தது. அரசு ரகசியச் சட்டம் 1923. சுதந்திரத்துக்குப் பின் 1950-ல் அவசரநிலைச் சட்டத்தைச் சேர்த்தது ஒரு குடியரசு அரசு, ராணுவம் இல்லை. 1962-ல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின், 1975-ல் அரசுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார். அதன் 10-ஆம் பிரிவுப்படி விசாரணையே இல்லாமல் அடைத்து வைக்கலாம். மிசா என்ற பெயரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதலில் உச்சவரம்பு மூன்று ஆண்டு. சூச்சியை 1989 ஜூலையில் வீட்டுக்காவலில் வைத்த பிறகு அது போதவில்லை என்று 1991-ல் ஐந்து ஆண்டாக்கினார்கள். ஒரு தனி மனுஷிக்காகச் சட்டத்தின் நீளத்தையே மாற்றினார்கள்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2016-ல் சூச்சியின் கட்சி ஆட்சிக்கு வந்ததும் 1975 சட்டத்தையும் 1950 சட்டத்தையும் ரத்து செய்தது, நல்ல காரியம். ஆனால் மற்றவற்றை அலமாரியிலேயே விட்டுவைத்தது. ரோஹிங்யா படுகொலை ஒன்றைத் துப்பறிந்த ராய்ட்டர்ஸ் நிருபர்கள் இருவர், வா லோனும் கியா சோ ஓவும், அந்த ஆட்சியில்தான் 1923 சட்டத்தில் ஏழாண்டு தண்டனை பெற்றார்கள். 500 நாளுக்கு மேல் உள்ளே இருந்தார்கள். எதிரிக்கு என்று செய்த ஆயுதத்தை வைத்திருந்தவர்கள் மேலேயே 2021-ல் அது திரும்பியது. சூச்சிக்கு விதித்த 33 ஆண்டு தண்டனையில் அரசு ரகசியச் சட்ட வழக்கும் அடக்கம். பிறகு ஒரு பகுதியைக் குறைத்து 27 ஆக்கினார்கள்.

இனி, கைது எப்படி நடக்கிறது என்பது. பெரும்பாலும் இரவில். இதற்கு அங்கே ஒரு வசதி செய்து வைத்திருக்கிறார்கள்: விருந்தினர் பதிவு. உங்கள் வீட்டில் இரவு யாராவது தங்கினால், அது சொந்தத் தங்கையாகவே இருந்தாலும், வார்டு அலுவலகத்தில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். நள்ளிரவில் கதவைத் தட்டி, குடும்பப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தலை எண்ணலாம். பட்டியலில் இல்லாத ஆள் கட்டிலில் இருந்தால் முடிந்தது கதை. 2016-ல் எடுக்கப்பட்ட இந்த விதியை, கவிழ்ப்பு நடந்து இரண்டே வாரத்துக்குள், 2021 பிப்ரவரி 13-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே நாளில், வாரன்ட் இல்லாமல் வீட்டைச் சோதிக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல் நீதிமன்ற உத்தரவின்றி வைத்திருக்கக் கூடாது என்ற பாதுகாப்புகளை நிறுத்தி வைத்தார்கள். மறுநாள் தண்டனைச் சட்டத்தில் 505ஏ என்ற புதிய பிரிவு: அச்சம் பரப்பினால், பொய்ச் செய்தி சொன்னால் மூன்றாண்டு. வேலைநிறுத்தம் செய்த மருத்துவர்கள், நடிகர்கள் என்று 505ஏ-யில் தேடப்படுவோரின் பெயரையும் படத்தையும் அரசுத் தொலைக்காட்சி இரவுதோறும் காட்டியது. தலைமறைவுக்காரரைவிட, அவருக்கு ஒரு வாய் சோறு போட நினைத்தவர்கள்தான் அதைப் பார்த்து அதிகம் நடுங்கியிருப்பார்கள்.

ஜனங்களும் சும்மா இல்லை. தீய ஆவியை விரட்டச் சட்டி பானை தட்டுவது அவர்கள் ஊர் வழக்கம். அந்த நாட்களில் இரவு எட்டு மணிக்கு நகரமே தட்டியது. பிடிக்க வண்டி வந்தாலும் தட்டினார்கள். தெருவே திரண்டு வந்து கேள்வி கேட்டதால் சில கைதுகள் நின்றும் போயின. துப்பாக்கிச் சூடு தொடங்கியதும் அதுவும் ஓய்ந்தது.

பிடித்தவுடன் சிறைக்குக் கொண்டு போவதில்லை. முதலில் விசாரணை முகாம். தலையில் முகமூடித் துணி, எங்கே போகிறோம் என்று தெரியாது, எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாது. ஆபத்து அதிகமான நாட்கள் இவைதான். 2021 மார்ச் 6 இரவு, யாங்கூனின் பபேடான் பகுதியில் தேசிய ஜனநாயக லீக்கின் உள்ளூர்ப் பொறுப்பாளர் கின் மௌங் லாட்டை அழைத்துப் போனார்கள். மறுநாள் உடலை வாங்கிக்கொள்ளச் சொல்லி வீட்டுக்குச் செய்தி வந்தது. தூங்க விடாமல் வைப்பது, உட்கார்ந்தும் உட்காராமலும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது போல நிற்க வைப்பது, கையை விரித்து விமானம் போல நிற்கச் சொல்வது என்று பழைய கைதிகள் பல தலைமுறையாகச் சொல்லிவரும் முறைகளில் ஒன்றும் மாறவில்லை. கேட்கும்போது ஏதோ பள்ளிக்கூடத் தண்டனை போலத் தோன்றும். ஐந்தாவது மணி நேரத்தில்தான் அது சித்திரவதை என்று புரியும்.

அதனால் வீட்டார் நிலைமை விசித்திரமானது. "சிறைக்குப் போய்விட்டான்" என்று தெரிந்தால் ஒரு நிம்மதி. எப்படித் தெரியும்? பெரும்பாலும் பார்சல்தான் வழி. சட்டை, மருந்து, உலர்ந்த சாப்பாடு எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு இன்செயின் சிறை வாசல் ஜன்னலில் பெயரைச் சொல்லி நீட்டுவார்கள். பார்சலை வாங்கிக்கொண்டால் ஆள் உள்ளே இருக்கிறார், உயிரோடு இருக்கிறார். திருப்பிக் கொடுத்தால் அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். ஆட்கொணர்வு மனு செய்ய வேண்டிய வேலையை அங்கே ஒரு துணிப்பை செய்கிறது.

வழக்கு விசாரணை சிறை வளாகத்துக்குள்ளேயே நடக்கும். பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் அனுமதி கிடையாது. தீர்ப்பு வரும் விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1988 மாணவர் எழுச்சியின் தலைவர் மின் கோ நைங் (இயக்கப் பெயர், அரசர்களை வென்றவன் என்று பொருள்) 1989 முதல் 2004 வரை 15 ஆண்டுகள் உள்ளே இருந்தார். 2007-ல் எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிராகத் தெருவில் ஊர்வலமாக நடந்ததால் மறுபடி பிடித்தார்கள். நவம்பர் 2008-ல் தண்டனை 65 ஆண்டு. கணக்கு எப்படி வந்தது தெரியுமா? 2004-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிமாற்றச் சட்டத்தில் நான்கு குற்றச்சாட்டு, ஒவ்வொன்றுக்கும் 15. அனுமதி இல்லாத அமைப்பு நடத்தியதற்கு 5. மின்னஞ்சலும் கணினியும் பயன்படுத்தியதுதான் அறுபது ஆண்டுக் குற்றம். அவருடைய தோழர்கள் பலருக்கும் அதே 65. அந்த நாட்களில் ஒரு வழக்கறிஞர், தான் வாதாடிய கைதிகள் நீதிபதிக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததைத் தடுக்கவில்லை என்பதற்காக நீதிமன்ற அவமதிப்பில் ஆறு மாதம் உள்ளே போனார்.

தீர்ப்புக்குப் பின் இன்னொரு தண்டனை இருக்கிறது, அது எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்காது: தூரம். மின் கோ நைங்கைச் சீன எல்லைப் பக்கம் ஷான் மாநிலத்துக் கெங்டுங்குக்கு மாற்றினார்கள். நகைச்சுவைக் கலைஞர் ஸர்கனாரை வடகோடி மிச்சினாவுக்கு. அவர் படித்தது பல் மருத்துவம், ஸர்கனார் என்றால் சாமணம். 2008 நர்கிஸ் புயலில் அரசு கைவிட்ட கிராமங்களுக்கு நிவாரணம் கொண்டுபோய், வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம் அதைப் பேசியதற்கு அவருக்கு 59 ஆண்டு விதித்து, பிறகு 35 ஆகக் குறைத்தார்கள். யாங்கூனில் இருக்கும் வயதான தாய் அந்தச் சிறைகளுக்கு மனு போட்டுப் பார்க்கப் போக வேண்டுமென்றால் நாள் கணக்கில் பயணம். பதினைந்து இருபது நிமிஷம் கம்பிக்கு அந்தப் பக்கம் முகம். திரும்ப அதே பயணம். பார்சல் நின்றால் உள்ளே சத்தான சாப்பாடு நின்றது, மருந்து நின்றது. அடி இல்லாமலே ஆளைக் கரைக்கிற வழி இது.

உள்ளே காலம் எப்படிப் போகும் என்று கேட்டால் வின் டின்னைச் சொல்வேன். ஹந்தவடி நாளிதழின் ஆசிரியராக இருந்தவர், சூச்சியோடு கட்சியைக் கட்டியவர்களில் ஒருவர். 1989 ஜூலை 4-ல் உள்ளே போகும்போது அறுபதை நெருங்கிய வயது. சிறை நிலைமையை ஐ.நா.வுக்கு எழுதி அனுப்பப் பார்த்ததற்காக 1996-ல் மேலும் ஏழாண்டு கூட்டினார்கள். ராணுவ நாய்களுக்குக் கட்டிய கூண்டில் போட்டார்கள். பேனா, காகிதம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. செங்கல்லைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்து, அந்தச் சிவப்புக் குழம்பால் சுவரில் கவிதை எழுதினார். பத்தொன்பது ஆண்டு கழித்து 2008 செப்டம்பர் 23-ல் விட்டபோது நீலச் சிறைச் சட்டையோடே வெளியே வந்தார். கடைசி அரசியல் கைதி விடுதலையாகும் வரை இதுதான் உடுப்பு என்று 2014 ஏப்ரலில் சாகும் வரை நீலச் சட்டையே போட்டார். வெள்ளை முடி, கறுப்புச் சட்டக மூக்குக்கண்ணாடி, நீலச் சட்டை: யாங்கூன் தெருவில் அவர் நடந்து போனாலே அது ஒரு போஸ்டர்.

தேடிய ஆள் கிடைக்காவிட்டால் கிடைத்தவரைப் பிடிப்பது 2021-க்குப் பின் வழக்கமாகிவிட்டது. மொகோக்கில் ஒரு போராட்டத் தலைவரைத் தேடி வந்தவர்கள், அவர் இல்லையென்றதும் மனைவியையும் ஐந்து வயது மகளையும் கொண்டு போனார்கள். குழந்தையை இரண்டு வாரத்துக்கு மேல் கழித்துத்தான் விட்டார்கள். வீட்டுக்குச் சீல் வைப்பது தனிக் கணக்கு.

இந்த எந்திரம் தன்னை ஓட்டியவர்களையும் விழுங்கும். கைது, விசாரணை, கண்காணிப்பு எல்லாவற்றுக்கும் தலைவராக இருந்தவர் உளவுத்துறை ஜெனரல் கின் நியுந், பிரதமராகவும் ஆனார். 2004 அக்டோபரில் சக ஜெனரல்கள் அவரையே கவிழ்த்தார்கள். 44 ஆண்டு தண்டனை, அதை வீட்டுக்காவலாக்கினார்கள். அவருடைய அதிகாரிகள் பலர், தாங்கள் ஆளனுப்பிய அதே சிறைகளுக்குப் போனார்கள். 2012 ஜனவரி 13 பொதுமன்னிப்பில் மின் கோ நைங் வெளியே வந்தார். கின் நியுந்தும் அதே நாளில், அதே அறிவிப்பில் விடுதலையானார். பிடித்தவரும் பிடிபட்டவரும் ஒரே பட்டியலில்.

அந்தப் பட்டியல்தான் உங்கள் கடைசிக் கேள்விக்குக் கொண்டு வருகிறது. பொதுமன்னிப்புச் செய்தி பொய் இல்லை. எண்ணைத்தான் கவனித்துப் படிக்க வேண்டும். சுதந்திர தினம், புத்தாண்டு, பௌத்தத் தவக்கால முடிவு என்று அறிவிக்கும் ஆயிரங்களில் பெரும்பாலானவர்கள் திருட்டு, போதைப்பொருள் வழக்குக்காரர்கள். அரசியல் கைதிகள் எத்தனை என்று அரசு பிரித்துச் சொல்லாது. அதைப் பெயர் பெயராக எண்ணிச் சொல்வது முன்னாள் கைதிகள் 2000-ல் தாய்லாந்து எல்லை நகரமான மே சோட்டில் தொடங்கிய அரசியல் கைதிகளுக்கான உதவிச் சங்கம். 2021-க்குப் பின் ஒரே நேரத்தில் 20,000 பேருக்குக் குறையாமல் உள்ளே இருந்த காலம் உண்டு என்று அவர்கள் பதிவு காட்டுகிறது. இருப்பு அவ்வளவு இருக்கும்போது தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் கூட்டத்துக்கு முன்னால் கொஞ்சம் வெளியே விடுவது பெரிய செலவில்லை. 2021 அக்டோபரில் 5,600-க்கு மேற்பட்டோரை விடுவதாக அறிவித்தார்கள். இன்செயின் வாசலில் பேருந்துகள் வெளியே வர, ஜன்னல் வழியாக நீண்ட கைகளைப் பிடித்து அழுதவர்களின் படங்கள் வந்தன. அவர்களில் பலரை வீடு போய்ச் சேர்ந்த சூட்டோடு திரும்பப் பிடித்தார்கள்.

திரும்பப் பிடிக்காவிட்டாலும் கயிறு அவர்கள் கையில்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 401-ஆம் பிரிவின் கீழ் விடுகிறார்கள். தண்டனை ரத்தாகவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறது என்று பொருள். மறுபடி ஏதாவது வழக்கில் மாட்டினால் பழைய பாக்கியும் சேர்ந்துகொள்ளும். 65-ல் நான்கு ஆண்டு கழித்து வந்தவர் 61 ஆண்டைத் தோளில் சுமந்துகொண்டுதான் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பார்.

2012 ஜனவரியில் மின் கோ நைங்கோடு வெளியே வந்தவர் கோ ஜிம்மி என்ற கியா மின் யூ. அதற்குள்ளேயே அவர் வாழ்க்கையில் இருபது ஆண்டு சிறையில் போயிருந்தது. 2021-ல் மறுபடி பிடித்தார்கள். பியோ ஸெயா தோ ராப் பாடகர். 2008-ல் பிடிபட்டு மூன்றாண்டுக்கு மேல் உள்ளே இருந்து வந்தவர், அப்போதைய குற்றச்சாட்டுகளில் ஒன்று சட்டைப்பையில் கொஞ்சம் வெளிநாட்டுப் பணம். பிறகு எம்.பி.யாகவும் ஆனார், அவரையும் 2021 நவம்பரில் பிடித்தார்கள். ராணுவ நீதிமன்றம் இருவருக்கும் பயங்கரவாதச் சட்டத்தில் மரண தண்டனை விதித்தது. பல பத்தாண்டுகளாக அங்கே யாரையும் தூக்கில் போட்டதில்லை. அதனால் இதுவும் மிரட்டலோடு நிற்கும் என்றுதான் பலர் நினைத்தார்கள். 2022 ஜூலை 22, வெள்ளிக்கிழமை, குடும்பத்தாரை வீடியோ அழைப்பில் பேச விட்டார்கள். ஸெயா தோ சிரித்த முகமாக இருந்தாராம். படிக்கிற கண்ணாடி, ஓர் அகராதி, சிறையில் செலவுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பச் சொல்லி அம்மாவிடம் கேட்டார். திங்கட்கிழமை அம்மா அவற்றை எடுத்துக்கொண்டு இன்செயினுக்குப் போனார். இந்த இருவரோடு இன்னும் இருவரையும் சேர்த்து நால்வரைத் தூக்கிலிட்டாயிற்று என்ற செய்தி அன்று காலை அரசு நாளிதழில் வந்திருந்தது. உடல்களைக் கடைசிவரை தரவில்லை.